ஹெட்செட் போட முதலே காசைக் கேளுங்கோ

போன எபிசோட்டில் பிரவுசரிலேயே ஓடுற விஆர் கேம்களைப் பற்றிக் கதைத்தோம். அதில் நான் கதைக்காமல் தப்பின விஷயம் ஒன்று இருக்கு: காசு.

இரண்டு வருடமாக, வேலை முடிந்து வந்து இரவில் ஒரு சின்ன விஆர் கேம் செய்து கொண்டிருக்கிறேன். லிங்க் அனுப்பினால் போதும். டவுன்லோட் இல்லை, ஸ்டோரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, ஸ்டீமும் மெட்டாவும் வழக்கமாக வெட்டுற 30 சதவீதமும் இல்லை. இதையெல்லாம் அப்பாவுக்குப் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, கடை திறந்தாச்சு. லாச்சி எங்க?" என்றார்.

பதில் இல்லை. சர்வர் பில் என்னுடைய கார்டில்தான் போய்க் கொண்டிருந்தது.

விளம்பரம் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெப்எக்ஸ்ஆரில் ஆள் விஆருக்குள் நுழைந்த உடனே சாதாரண வெப் பக்கம் மறைந்துவிடும். நீங்கள் முப்பரிமாணத்தில் வரைந்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பேனர் விளம்பரமும் போச்சு, கார்ட் நம்பர் போடுற பெட்டியும் போச்சு. காசு கட்ட விஆரை விட்டு வெளியே வந்து, காற்றில் மிதக்கிற கீபோர்ட்டில் ஒவ்வொரு இலக்கமாகக் குத்தவேணும். என்னுடைய கேமுக்கு நானே கட்டிப் பார்த்தேன். பாதி நம்பரிலேயே ஆசை விட்டுப் போச்சு.

அதனால் என் கருத்து இதுதான்: காசை வாசலில் கேளுங்கோ, ஹெட்செட் போட முதலே. உங்கள் லிங்க்கைப் பலர் முதலில் திறக்கிறது போனில்தான். ஐபோன் சஃபாரியில் வெப்எக்ஸ்ஆர் ஓடாது, ஆனால் கார்ட் விபரம் போனிலேயே சேமித்து இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன வீடியோ, ஒரு விலை, ஒரு பட்டன். கட்டினவுடன் நாலு எழுத்துக் கோட் ஒன்று கொடுங்கோ, ஹெட்செட்டில் அதைக் குத்தினால் கேம் முழுக்கத் திறக்கும். முதல் லெவல் எல்லாருக்கும் இலவசமாகவே இருக்கட்டும். கார்ட் இல்லாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளையாட ஏதாவது வேணும்தானே.

பெரிய கை ஒன்று வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்காதேங்கோ. 2019இல் கோய்ல், மொசில்லா, கிரியேட்டிவ் காமன்ஸ் மூன்றும் சேர்ந்து வெப் படைப்பாளிகளுக்குப் பத்துக் கோடி டாலர் நிதி என்று அறிவித்தார்கள். பக்கத்தில் ஆள் செலவிடும் நேரத்துக்கு ஏற்றபடி சில்லறை சில்லறையாகக் காசு வரும் என்பது கோய்லின் திட்டம். நல்ல யோசனை. 2023இல் கோய்ல் மூடப்பட்டது. அடுத்த வருடம் மே மாதம் மொசில்லா தன் ஹப்ஸையும் நிறுத்தியது. அதே மொசில்லாவில் 2015இல் பிறந்த ஏ-ஃபிரேம் இன்றும் உயிரோடு இருக்கு, திறந்த மூலம் என்பதால்.

ஒன்டாரியோ கிரியேட்ஸ், கனடா மீடியா ஃபண்ட் மாதிரி இடங்களும் இருக்கு. கம்பனி பதிந்து, பட்ஜெட் எழுதி, படிவம் நிரப்ப நேரம் இருப்பவர்களுக்கு நல்லது. இரவு பதினொரு மணிக்குக் கோட் எழுதுகிறவருக்கு அந்தப் படிவமே இன்னொரு வேலை. பேட்ரியான், கோ-ஃபை இரண்டும் ஏற்கெனவே ரசிகர்கள் உள்ளவர்களுக்கு.

எனக்கு உண்மையிலேயே காசு வந்தது வேறு பக்கத்தால். கேமைப் பார்த்த ஒருவர், இன்னும் கட்டி முடியாத வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி ஒரு லிங்க் செய்து தரக் கேட்டார். (எங்கட ஆக்களில் எத்தனை ரியல் எஸ்டேட் ஏஜென்ட் இருக்கினம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) அந்த ஒரு வேலை ஒரு வருட சர்வர் செலவைக் கொடுத்தது. கலையை விற்றுவிட்டாய் என்று ஒரு நண்பன் பகிடி பண்ணினான். பண்ணட்டும். டிராகன் இருந்த இடத்தில் கிச்சன் கவுன்டர் வந்தது, கோட் அதேதான்.

இந்த மாதம் வாசலில் ஐந்து டாலர் பட்டன் போடுகிறேன். கோடைக்குள் அது சர்வர் செலவைத் தாங்காவிட்டால், பலர் சேர்ந்து விளையாடுற பகுதியை மூடவேண்டி வரும். அது எனக்கு உண்மையிலேயே வலிக்கும்.

முதல் வாடிக்கையாளர் தயார். அப்பா. டிஸ்கவுன்ட் இருக்கா எண்டு கேட்டவர்.