சாய்ந்தது சம்பா! நிவாரணம் எந்த மூலைக்கு?

வெள்ளம் என்றாலே நமக்குக் கார்த்திகை மழைதான் ஞாபகம் வரும். டெல்டா விவசாயி பயப்படுவது தை மழைக்கு!

இளம் பயிரில் தண்ணீர் நின்றால் வடிக்கலாம். அழுகினால் மறுநடவு செய்யலாம். தையிலோ கதிர் முற்றி, கடன் வாங்கிய காசெல்லாம் வயலில் இறங்கியிருக்கும்.

2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் இப்படித்தான் சம்பா சாய்ந்தது. சாய்ந்த நெல் கதிரிலேயே முளைவிடும். சேற்றில் டயர் மெஷின் இறங்காது. செயின் மெஷினுக்கு வாடகை அதிகம். அறுக்க நேரமும் கூடும். நஷ்டத்தை அறுக்கவும் கூலி! கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் தகராறு. (2023-ல் 20 வரை தளர்த்தினார்கள்.)

"ஹெக்டேருக்கு 20 ஆயிரம் கொடுத்தாச்சே?" என்பார்கள். கொடுத்தது உண்மைதான். ஏக்கருக்குப் பார்த்தால் 8 ஆயிரத்துச் சொச்சம். அதுவும் 33 சதவீதமாவது சேதம் என்று அதிகாரி எழுதினால்தான்.

வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். பயிர் போனது அவருக்கு. சிட்டா நிலக்காரர் பெயரில்!

தை நெல் விற்ற காசில்தான் பழைய கடன் அடையும். அடைத்தால்தான் குறுவைக்குப் புதுக்கடன். இல்லாவிட்டால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்.