'கல்வி நோக்கத்துக்கு மட்டும்': இந்த வரியை இனிமே தாண்டிப் போகாதீங்க



தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூர். சித்தி மகனுக்கு 24 வயசு, ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை, கைக்கு வர்றது 27,000 ரூபாய். பட்டாசுச் சத்தம் அடங்கினதும் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் போனைக் காட்டினான். ஆப்ஷன் டிரேடிங்கில் ஐந்து மாதத்தில் 1,40,000 ரூபாய் போயிருக்கு. அதில் 60,000, தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்காக சித்தப்பா அவன் அக்கவுண்ட்டில் போட்டு வைத்திருந்த கரும்புப் பணம். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

எங்கடா கத்துக்கிட்டேன்னு கேட்டேன். ஒரு 'பங்குச்சந்தை கல்வி' வெப்சைட். கோர்ஸ் 35,000 ரூபாய், கிரெடிட் கார்டு ஈஎம்ஐ. கோர்ஸ் முடிஞ்சதும் டெலிகிராம் குரூப். காலையில் 9:20-க்கு எந்த ஸ்ட்ரைக் வாங்கணும், ஸ்டாப்லாஸ் எங்கே வைக்கணும்னு மெசேஜ் வரும். ஒவ்வொரு மெசேஜுக்கும் கீழே ஒரே வரி: 'கல்வி நோக்கத்துக்கு மட்டும்.'

இன்னிக்கு 9:20-க்கு இதை வாங்குன்னு சொல்றது எந்த ஊர்ல கல்வி?

இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு, நானா கண்டுபிடிச்சது இல்ல. 2025 ஜனவரி 29 அன்று செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கல்வி மட்டும்தான் தருகிறேன் என்று சொல்பவர், கடந்த மூன்று மாதத்தின் சந்தை விலையை வைத்து எந்தப் பங்கையும் பெயர் சொல்லிப் பேசக் கூடாது, காட்டக் கூடாது என்றது அது. பாடம் நடத்த பழைய விலை போதும். இன்றைய விலை வேண்டுமென்றால் அது ஆலோசனை, அதற்குப் பதிவு வேண்டும். ஒரு தளத்தைத் திறந்ததும் முதலில் இதைப் பாருங்க. நேத்து விலை, அதுக்கு ஒரு டார்கெட், அடியில கல்வின்னு ஒரு வரி, மூணும் ஒரே திரையில இருந்தா மூடிடுங்க.

நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. ஆப்ஷன் வீடியோ பார்க்கிற தமிழர்களுக்கு பி.ஆர்.சுந்தர் பெயர் தெரியாமல் இருக்காது. முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்யாமல், வெப்சைட் மூலம் கட்டணத் திட்டங்களில் ஆலோசனை வழங்கினார் என்பது செபியின் குற்றச்சாட்டு. அதை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2023 மே மாதம் சமரசம் செய்துகொண்டார். 46.8 லட்சம் சமரசத் தொகை, வட்டியோடு சேர்த்து 6 கோடிக்கு மேல் திருப்பிக் கட்டியது, ஒரு வருடம் பங்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்ற நிபந்தனை. அதே வருடம் அக்டோபரில் மும்பையின் 'பாப் ஆஃப் சார்ட்' நசிருதீன் அன்சாரி மீது இடைக்கால உத்தரவு வந்தது: கோர்ஸ் என்ற பெயரில் வசூலித்த 17.2 கோடியைத் தனிக் கணக்கில் போடச் சொன்னார்கள். லாபக் கணக்காகக் காட்டிக்கொண்டிருந்த அந்த மனுஷனுக்கு, 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலை வரை சொந்த டிரேடிங்கில் சுமார் 2.89 கோடி நஷ்டம் என்று செபி எழுதியிருந்தது. எனக்கு அந்த 17 கோடியை விட இந்த 2.89 கோடிதான் மறக்க முடியல.

தம்பி தனி ஆளும் இல்ல. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம். 2023-24-ல் டிரேட் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயசுக்குக் கீழே. உங்க டீமில் உட்கார்ந்திருக்கிற பசங்கதான்.

இதோட நிறுத்தியிருந்தா அடுத்தவங்களைத் திட்டிட்டு நான் நிம்மதியா இறங்கி வந்திருப்பேன். ஆனா அவன் இன்னொரு ஸ்க்ரீன் காட்டினான். இந்த மார்ச்சில் போட்ட ஒரு எண்டோமென்ட் பாலிசி, வருடம் 24,000 பிரீமியம். "அண்ணே, உங்க 80சி வீடியோ பார்த்துதான் போட்டேன்."

2022-ல் எடுத்த வீடியோ அது. எண்டோமென்ட் வாங்குங்கன்னு அதில் நான் சொல்லல. ஆனா வரிக்குரிய வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியிலேயே வரி பூஜ்யமாகிவிடும், உங்களுக்கு 80சி-யே தேவையில்லை என்பதையும் சொல்லல. அப்பவும் அதுதான் சட்டம். அதுக்கு அப்புறம் 2023-24-லிருந்து புதிய வரிமுறையே இயல்பானதாகிவிட்டது. அதில் 80சி கழிவு கிடையாது. அவனுக்கு எந்த முறையிலும் கட்ட வேண்டிய வரி சைபர். சைபர் வரியைக் குறைக்க 24,000 கட்டியிருக்கான்.

அதனால நம்ம சேனல் உட்பட எதைப் பார்த்தாலும் தேதியைப் பாருங்க. பங்கு லாபத்துக்கு நீண்டகால வரி 10 சதவீதம்னு சொல்ற வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. 2024 ஜூலை 23-லிருந்து அது 12.5. அப்புறம் அந்த உதாரணத்துல வர்ற சம்பளம் உங்க சம்பளமான்னு பாருங்க. வீடியோவில் 15 லட்சம் வாங்கறவருக்குப் போட்ட கணக்கு, 3.5 லட்சம் வாங்கறவருக்கு வேலைக்கு ஆகாது. பார்த்த அன்னிக்கே பணம் போடவும் போடாதீங்க. ஒரு சம்பளம் தள்ளிப் போடுங்க. அதுவரைக்கும் காத்திருக்க முடியாத வாய்ப்புன்னு யாராவது சொன்னா, அது அவங்களுக்கான வாய்ப்பு.

எதை வாங்கறதுன்னு யாராவது காசுக்குச் சொல்றாங்கன்னா பதிவு எண் கேளுங்க. முதலீட்டு ஆலோசகருக்கு 'ஐஎன்ஏ', ஆய்வாளருக்கு 'ஐஎன்எச்' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரோடு சரிபார்க்க இரண்டு நிமிஷம். சந்தேகம்னா செபி உதவி எண் 1800 266 7575. சிஏங்கிற பட்டம் அந்த எண்ணுக்குப் பதில் ஆகாது, என்னையும் சேர்த்துத்தான்.

2022 வீடியோவை எடுத்துட்டேன். பாலிசிக்கு ஃப்ரீ லுக் 30 நாள் எப்பவோ முடிஞ்சிடுச்சு. ஆனா 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த பாலிசி என்பதால், முதல் வருடப் பிரீமியம் முழுசா கட்டியிருந்தால், ஒரு வருடம் முடிந்ததும் சரண்டர் தொகை ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மார்ச் வரைக்கும் காத்திருக்கணும். கோர்ஸ் ஈஎம்ஐ இன்னும் ஏழு பாக்கி. கரும்புப் பணத்தைப் பத்தி சித்தப்பாகிட்ட மறுநாள் காலையில அவனே சொன்னான், நான் பக்கத்துல நின்னேன். அவர் ஒண்ணும் பேசல. டீ மட்டும் ஆறிப்போச்சு.