சென்னை வழியாக வரும் நம் பாட்டு

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் கால்நடையாக நடந்தது 2023இல். அதே ஆண்டில்தான் புசல்லாவை நயப்பன தோட்டத்துச் சிறுமி அசானி, சென்னையில் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் ஏறிப் பாடினார். ஒரு தோட்டத்துப் பிள்ளையின் குரலை உலகத் தமிழர் எல்லோரும் கேட்கிறார்கள் என்ற நினைப்பிலேயே கண் கலங்கியவர்கள் நம்மில் ஏராளம். அந்த டிசம்பரில் அதே போட்டியின் பட்டத்தை வென்ற யாழ்ப்பாணத்து அரியாலைச் சிறுமி கில்மிஷாவையும் நம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினோம். அந்த மகிழ்ச்சியில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. நம் பிள்ளையின் குரல் நம் காதில் விழ, அது ஏன் கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது?

இது முதல் தடவையும் அல்ல. மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கேட்டுத் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலானது. அச்சிட்டது சென்னையில். 2021இல் உலகெங்கும் ஓடிய 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாள் என்று பாடகர் அறிவு சொன்னார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்து அனுப்பிய சனத்தின் துயரம் ஒரு பேரன் வாயில் பாட்டாகி, மறுபடி சென்னை வழியாகவே நம்மிடம் வந்தது. மூன்று முறையும் பாட்டின் வேர் இங்கேதான் இருந்தது. அதற்கு மதிப்பு வேறிடத்தில் கிடைத்தது.

பாட்டை முறையாகப் படிக்க இங்கே என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்தது இன்று பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை ஒவ்வொரு மாணவரும் அழகியல் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் நல்ல குரலுள்ள பிள்ளை சித்திரம் கீறிக்கொண்டிருக்கும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகும் நிலையில், இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியாது.

அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் கூடாது. மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் நம் பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து அங்கே நிற்கிறார்கள். தப்புச் சத்தம் கேட்டால் நடக்கப் பழகாத குழந்தைக்கும் தோள் அசையும். விடியலில் தொழிலாளரை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எழுப்பியதும் அந்தத் தப்புதான். திருவிழாவுக்கும் சாவுக்கும் முன்னே போனதும் அதுதான். அப்படியிருந்தும் அதை ஒரு சாதிக்குரிய வேலை என்று ஒதுக்கிவைத்தோம். பாடசாலை விழாவில் மிருதங்கத்துக்கு மேடையில் இடம் கொடுத்தோம், தப்பு வாசலோடு நின்றது. கர்நாடக சங்கீதம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதையும் நம் பிள்ளை முறையாகப் படிக்க வேண்டும். ஆனால் தன் தாத்தன் அடித்த தப்பைப் பார்த்து ஒரு பிள்ளை கூசிப்போவதற்கு, பெரியவர்களாகிய நாமே பொறுப்பு.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நடப்பதையும் பார்ப்போம். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுகிறார். அழுகிற குழந்தையின் கையில் போன் வருகிறது. 'பேபி ஷார்க்' ஓடுகிறது. 2022 ஜனவரியிலேயே ஆயிரம் கோடித் தடவை பார்க்கப்பட்ட காணொளி அது. 2013இல் தொடங்கி உலகக் குழந்தைகளைப் பிடித்துவைத்திருக்கும் சூசூ டிவியும் சென்னையிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாட்டுகளில் தீங்கு இல்லை. கொழுந்துக் கூடையும் பனியும் அட்டையும் அவற்றில் இல்லை, அவ்வளவுதான். ஆடிப்பிறப்பைப் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரை நம் பிள்ளைகளும் பாடிப் படித்தார்கள். பனையைப் பார்த்திராத பிள்ளைக்கும் பனைநாடு பிடித்துப்போனது. தேயிலை மலையைப் பாடும் அப்படியொரு பாட்டுப் புத்தகத்தை அந்தப் பிள்ளையின் கையில் நாம் கொடுத்தோமா?

ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை போராட வேண்டியிருந்த சனத்திடம் போய்ப் பாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கோபம். சம்பளமும் காணியும் வீடும் வேண்டும். அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வயிறு நிறைந்த பிறகுதான் பாட்டு என்று நம் ஆச்சிமார் இருந்ததில்லை. பசியிலும் தாலாட்டினார்கள். ஒரு சங்கீத ஆசிரியரை நியமிப்பதால் எந்தத் தொழிலாளியின் சம்பளமும் குறையாது.

ஆகவே மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் நாம் கேட்பது இது. நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் சங்கீத ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகளின் பட்டியலை வெளியிடுங்கள். அடுத்த நியமனங்களை அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர் தப்பும் கும்மியும் தாலாட்டும் தெரிந்தே வெளியே வரட்டும். சி. வி.யின் தொகுப்பைச் சிறுவர் பாடும் பதிப்பாக ஹட்டனில் அச்சிடுங்கள்.

ஊடகத்தாருக்கும் ஒரு வார்த்தை, இது நமக்கும் சேர்த்தே. பாடும் பிள்ளையைத் தேடி லயத்துக்குப் போகும் கமெரா, ஒழுகும் தகரத்தையும் தாயின் கண்ணீரையும் முதலில் எடுக்கிறது. பாட்டு பிறகு வருகிறது. இருநூறு ஆண்டுத் துயரத்தைப் பன்னிரண்டு வயதுத் தோளில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையின் பாட்டை முழுதாகக் கேட்க விடுங்கள். வீட்டு முகவரியையும் குடும்பக் கடனையும் ஊருக்குக் காட்டாதீர்கள்.

பதிவு செய்ய வேண்டியது வேறு இருக்கிறது: நம் ஆச்சிமாரின் பாட்டுகள். ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் தங்கள் போனிலேயே அவற்றைப் பதிவு செய்யலாம். பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒவ்வொரு பதிவோடும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு பாட்டு பெரிதாக ஓடிய பின் அது யாருக்குச் சொந்தம் என்று எழும் சண்டையை 'எஞ்சாயி எஞ்சாமி'யிலேயே பார்த்துவிட்டோம். பிள்ளைக் காம்பராவில் இன்று ஆயாவாக இருக்கும் பலருக்கு அந்தப் பாட்டுகளில் பாதி தெரியும். அவர்களின் தாய்மாருக்கு முழுவதும் தெரியும். அந்தத் தாய்மாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.