புதுப் பிள்ளையும் பழைய வகுப்பும்

புதிதாக ஊருக்கு வந்த பிள்ளை முதலில் தடுமாறி, பிறகு தன் புத்தியால் ஒரு சிக்கலை அவிழ்த்து எல்லாருக்கும் வேண்டியவனாகும் கதை சிறுவர் திரையில் ஓயாமல் ஓடுகிறது. அதில் யார் மாறுகிறார்கள் என்பதை வைத்தே கதையை எடைபோட வேண்டும். பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) படத்தில் விராச்சிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் அன்புக்கரசு தன் இயல்பை விடுவதில்லை. அவனைப் பகைத்த ஜீவானந்தம்தான் கடைசியில் இளகுகிறான். சோமரத்ன திஸாநாயக்கவின் ‘சரோஜா’ (2000), இலங்கைப் போருக்கு நடுவே சிங்களச் சிறுமி வருணியின் குடும்பத்திடம் அடைக்கலம் பெறும் தமிழ்ச் சிறுமியைக் காட்டியது. நல்ல மனதோடு எடுத்த படம். அந்தக் காலத்தில் துணிச்சலானதும்கூட. ஆனாலும் சரோஜா பெரும்பாலும் காப்பாற்றப்படுபவளாகவே நிற்கிறாள்.

இந்தக் கதை நமது கிழக்குக் கரைக்கு ஏன் வேண்டும்? தமிழர் வாழும் தம்பிலுவிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அக்கரைப்பற்றும் ஒரே நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ‘பிறகு’ என்பதை ‘மறுகா’ என்று பேசும் தமிழும் ஒன்றுதான். ஆனால் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும் போவதே இங்கு வழமை. 2004 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை, இரு சமூகங்களிலிருந்தும், கொண்டுபோனது. அதன் பின்னும் வகுப்பறைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. வகுப்பில் கிடைக்காத சந்திப்பைத் திரையிலாவது கொடுக்கலாம்.

சென்னையிலிருந்து வரும் கார்ட்டூனே போதாதா என்பார்கள். பொழுதுபோக்குக்குப் போதும், பக்கத்து ஊர்ப் பிள்ளையின் வீட்டை அது காட்டாது. ஒற்றுமைக் கதை என்றாலே உபதேசமாகிவிடும் என்ற பயம் நியாயமானது. நமது மேடை நாடகங்கள் பல அப்படித்தான் கெட்டன. அதற்கு மருந்து, சிக்கலைச் சிறியதாக வைப்பது: தொலைந்த சைக்கிள், ஆள் குறைந்த கிரிக்கெட் அணி. காசு எங்கே என்று கேட்பவர்களுக்கு டைட்டஸ் தொடவத்தவை நினைவூட்டலாம். இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் தொடக்க காலத்தில் அவர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு உள்ளூர்ச் சிங்களக் குரல் கொடுத்தார். பக்ஸ் பனி முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆகி வீடுதோறும் புகுந்தது. அங்கே செலவைவிடப் பேச்சுமொழியின் மீதிருந்த காதே வேலை செய்தது.

அந்தக் காது இங்கேயும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் கதை எழுதட்டும். நேத்ரா தொலைக்காட்சி வாரம் அரைமணி நேரம் ஒதுக்கட்டும். முதல் கதையில் கல்முனை முஸ்லிம் சிறுமி ஒருத்தி தம்பிலுவில் வகுப்பறைக்குள் வரட்டும். சிக்கலை அவளே தீர்க்கட்டும்.