பெயர்க்கல்லில் காற்றின் வேகத்தையும் வெட்டுங்கள்

எங்கட பக்கத்தில் ஒரு பொதுமண்டபம் கட்டி முடிஞ்சால் முதலில் பளபளக்கிறது பெயர்க்கல்தான். அமைச்சர் பெயர், எம்பி பெயர், தவிசாளர் பெயர், எந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு என்று எல்லாம் பொன் எழுத்தில் இருக்கும். வீரமுனையில் இருந்து சம்மாந்துறை வழியாகக் கல்முனைக்குச் சைக்கிளில் போனால் இப்படிப் பல கற்களை வாசிக்கலாம். நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள், எழுத்தைக் கண்டால் நின்று வாசிக்கிற பழக்கம். வாசித்த ஒரு கல்லிலும் இந்த ஒரு வரி இல்லை: இந்தக் கட்டடம் எவ்வளவு காற்றைத் தாங்கும்?

சிரிக்காதீங்க. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளியில் 900 பேருக்கு மேல் செத்தார்கள். ஏறத்தாழ 2,50,000 கட்டடங்கள் சேதமாகின. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், "கூரை பறந்துது" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள்.

அந்தச் சூறாவளிக்குப் பிறகு, 1980 இல், பலத்த காற்றுக்குக் கட்டடங்களை எப்படி வடிவமைக்கிறது என்று அரசாங்கம் ஒரு கையேடு போட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயம்: சாதாரண கட்டடத்துக்கே செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர். அனர்த்தம் முடிந்த பிறகும் இயங்க வேண்டிய கட்டடம் என்றால் 54 மீற்றர். கொழும்பு இருக்கிற மூன்றாம் வலயத்தில் சாதாரண கட்டடத்துக்கு 33 தான்.

49க்கும் 33க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். காற்று வேகம் இரட்டித்தால் அது தருகிற விசை நாலு மடங்காகும். அந்தக் கணக்கில் கொழும்பில் வரைந்த மண்டபத்தின் பிளானை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டினால், அது எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை அதில் வந்து மோதும். 49 மீற்றர் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 150 கிலோ. இரண்டு மூடை நெல்லின் பாரம் என்று வையுங்கள். காற்று சுவரைத் தள்ளும், கூரைத் தகரத்தை மேலே இழுக்கும். ஓரங்களில் இழுவை இன்னும் கூட.

"அதுக்குத்தானே இரும்பில கட்டுறம்" என்று பதில் வரும். எங்கட சண்டை இந்தப் பதிலோடதான்.

பள்ளிக்கூடத்து வாங்கை நினைச்சுப் பாருங்கள். அது ஆடத் தொடங்கினால் பலகை உடைந்ததாலா ஆடுது? இல்லை, மூட்டு தளர்ந்துபோச்சு. கட்டடமும் அப்படித்தான். பக்கவாட்டில் வருகிற விசையைத் தாங்க மூன்று வழி உண்டு: உறுதியான சுவர், மூலைக்கு மூலை போகிற குறுக்குச் சட்டம், இரண்டும் இல்லாவிட்டால் தூணும் பீமும் சேருகிற மூட்டையே அசையாதபடி இறுக்குவது. இந்த மூன்றாவதைத்தான் பொறியியலாளர்கள் மொமென்ட் ஃபிரேம் என்கிறார்கள். நடுவில் தூண் இல்லாமல், குறுக்குச் சட்டம் இல்லாமல் சனம் இருக்க அகலமான மண்டபம் வேண்டும் என்று கேட்கிறோம். அப்படியென்றால் அந்த அகலவாட்டில் முழுப் பாரமும் மூட்டின் தலையில்தான். அந்த மூட்டின் தகடு எவ்வளவு தடிப்பு, பொல்ட் எத்தனை, வெல்டிங் எவ்வளவு ஆழம், தூணின் அடி கொங்கிறீட்டில் எப்படிப் பிடித்திருக்கு என்பதெல்லாம் கணக்குப் பார்த்து வரைய வேண்டியவை. வெல்டிங் செய்கிறவரின் கைப்பழக்கத்தில் விடக்கூடியவை இல்லை. அவரில் பிழை சொல்லவில்லை. வரைபடம் குடுக்காமல் வேலை குடுத்தவர்களில்தான் பிழை.

1994 ஜனவரி 17 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நோர்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தது. இரும்புச் சட்டகக் கட்டடங்கள் விழாமல் நின்றன. எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். பிறகு மேற்பூச்சைக் கழற்றிப் பார்த்தால் பல கட்டடங்களில் பீமும் தூணும் சேருகிற வெல்டிங் மூட்டுகள் வெடித்துக் கிடந்தன. பணமும் பொறியியலாளர்களும் நிறைந்த ஊரிலேயே மூட்டு ஏமாற்றியது. அதற்குப் பிறகு அங்கே பல வருசம் சோதனை செய்து மூட்டு விதிகளையே மாற்றி எழுதினார்கள்.

இங்கே பூகம்ப ஆபத்து குறைவு, உண்மை. எங்கட முதல் எதிரி காற்று. ஆனால் பூகம்பப் பொறியியல் சொல்லுகிற ஒரு பாடம் எங்களுக்கும் வேணும். விசை எல்லை மீறினால் முதலில் பீம் வளையட்டும், தூண் நிற்கட்டும் என்பது அதன் விதி. பீம் வளைந்தால் திருத்தலாம், தூண் போனால் மேலே இருக்கிறது முழுக்கத் தலையில் விழும். "பெரிய பீமாப் போட்டிருக்கு" என்று பெருமை பேசுகிறவர்கள் தூணைப் பார்ப்பதில்லை. மெலிந்த தூணில் தடித்த பீமை ஏற்றுவது இந்த விதியைத் தலைகீழாக்குகிற வேலை. இரும்பைக் கூட்டிப் போட்டால் பலம் கூடும் என்பது பாதி உண்மைதான்.

செலவு கூடும் என்று ஒரு சாட்டு இருக்கு. ஒரு மண்டபத்தின் மொத்தச் செலவில் மூட்டுத் தகடும் பொல்ட்டும் சின்னப் பங்கு. அலங்கார வளைவுக்குக் காசு இருக்கு, இதுக்கு இல்லையா?

சூறாவளி வந்தாலும் கடல் வந்தாலும் எங்கட சனம் ஓடுகிறது பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பொதுமண்டபத்துக்கும்தான். 2004 இல் பார்த்தோம். 2012 ஏப்ரல் 11 எச்சரிக்கை வந்தபோதும் கரையில் இருந்து சனம் உள்ளூருக்குத்தான் ஓடியது. ஆயிரம் பேர் உயிரைப் பிடித்துக்கொண்டு நுழைகிற கூரையைச் சாதாரண கட்டடக் கணக்கில் கட்டலாமா? 54 மீற்றர் கணக்கு இந்தக் கட்டடங்களுக்குத்தான் வேணும்.

அதனால் எங்கட கோரிக்கை சிறியது. அடுத்த பெயர்க்கல்லில் பெயர்களுக்குக் கீழே மூன்று வரி வெட்டுங்கள்: எத்தனை மீற்றர் காற்றுக்கு வடிவமைத்தது, மூட்டுகளை வரைந்த பொறியியலாளர் யார், கட்டிய பிறகு வெல்டிங்கையும் பொல்ட்டையும் சோதித்தவர் யார். கல்லில் இடம் போதாது என்றால் பெயர்களில் சிலதைக் குறையுங்கள். வாசிக்கிற நீங்களும் அடுத்த திறப்பு விழாவில் வடை சாப்பிட்டு முடிய இந்த மூன்றையும் சத்தமாகக் கேளுங்கள்.