4 கோடி இலக்கத்தில் ஒரு பகா எண்: உங்க வங்கிக் கணக்குக்கு இதுவா பூட்டு?

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் செல்போனில் வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறார். அது அசல் வங்கிதானா, போலியா என்று போன் சரிபார்ப்பதில் பல நேரம் பகா எண்களுக்குப் பங்கு உண்டு. அப்படீன்னா, 2024 அக்டோபரில் அதுவரை தெரிந்தவற்றிலேயே மிகப்பெரிய பகா எண் சிக்கியதே, பூட்டு இன்னும் பலமாகிவிட்டதா?

இல்லை. 2-ஐ 13,62,79,841 தடவை போட்டுப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் அந்த எண். மொத்தம் 4,10,24,320 இலக்கம். கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் லூக் டுராண்ட். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாது. ஆனால் ஊருக்கே தெரிந்த சாவியால் யாராவது வீட்டைப் பூட்டுவார்களா?

நிஜப் பூட்டு ரொம்பச் சின்னது. ஆர்எஸ்ஏ முறையில், தலா 300 இலக்கத்துக்குச் சற்றே கூடுதலான இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்குகிறார்கள். விடை பகிரங்கம். அதைத் திரும்பப் பிரிப்பதுதான் தலைவலி. 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே பிராசஸர் கோர் என்றால் சுமார் 2,700 ஆண்டு வேலை!

வேடிக்கை என்னவென்றால், ஒரு எண் பகா எண்ணா என்று சோதிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அதற்கு ஊகம் கலக்காத, வேகமான வழி உண்டு என 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. 'பகா எண் இல்லை' என்று அந்தச் சோதனை சொல்லும். எதால் வகுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த இடைவெளியில்தான் பூட்டு நிற்கிறது.

போதுமான திறனுள்ள குவாண்டம் கணினி வந்தால் அந்த இடைவெளி போய்விடும். அதனால்தான் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி, எண்ணைப் பிரிக்கும் சிரமத்தை நம்பாத 3 புதிய தரங்களை 2024 ஆகஸ்ட்டிலேயே வெளியிட்டுவிட்டது.