அருவியில் குளித்தால் ரத்தக் கொதிப்பு போகுமா?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கு பார்த்தாலும் தலைகள்தான்!

மூலிகைகளைத் தழுவி வரும் தண்ணீர். தலையில் விழுந்தால் நோய் நொடி பறந்துவிடும் என்பது மக்கள் நம்பிக்கை. உடம்பு அலுப்பு தீரும், மனமும் லேசாகும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், ரத்தக் கொதிப்பு அருவிக்கு அடங்குகிற ஆள் அல்ல.

குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே விழும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் சற்று நேரம் ஏறத்தான் செய்யும். கொதிப்பு கட்டுக்குள் வராதவர்களும், இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு அருவிக்குப் போவது நல்லது. சீசனுக்குப் புறப்படும்போது துண்டும் எண்ணெயும் மறப்பதில்லை. மாத்திரையை மட்டும் மறக்கலாமா?

100-க்கு 7 பேர்

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் கொதிப்பு கட்டுக்குள் இருந்தது 100-க்கு 7 பேருக்குத்தான்!

மற்றவர்களுக்கு என்ன? பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள்.

தென்காசி வட்டாரத்தில் வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இந்தக் குறையைத்தான் குறி வைத்தது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து கொதிப்பு பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை வாசலுக்கு வந்துவிடும். வாய்க்குள் போக வேண்டுமே!

வலிக்காத நோய்

பல் வலித்தால் ஓடுகிறோம். கொதிப்பு வலிக்காது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைப்பது தவறு. ஒன்றும் தெரியாமலே இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வரும். சிறுநீரகமும் கெடும்.

சீட்டில் எழுதும் இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். மேல் எண், இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இதயம் ஓய்வில் இருக்கும்போது உள்ளது. பல முறை பார்த்தும் 140-க்கு மேலோ, 90-க்கு மேலோ இருந்தால் அது கொதிப்பு.

"120-க்கு இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்கிறவர்கள் உண்டு. இறக்கியதே மாத்திரைதான்! டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும்.

உப்பு எங்கே இருக்கிறது?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

குழம்பில் போடுவது மட்டும் கணக்கு அல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சீசன் கடைச் சிப்ஸ், பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இந்துப்பு நல்லது என்று அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் உப்புதான்!

உப்பைத் திடீரென்று குறைத்தால் வீட்டில் சண்டை வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

அளக்கும் முன்

காப்பி குடித்த கையோடு கொதிப்பு பார்க்கக் கூடாது. பீடி, சிகரெட்டும் கூடாது. அரை மணி நேரம் கழியட்டும். படியேறி வந்தவுடனும் வேண்டாம். 5 நிமிடம் முதுகு சாய்த்து, பேசாமல் உட்கார்ந்து, கையை மேஜை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டலாம்.